முதல் இரண்டு அடி

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். பெக்கான்பாரு நகரத்திலிருந்து கல்லூரிப் பெண்கள் வருவார்கள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, அத்தை முறை வைத்து, "மாக் சிக், உங்களுக்குப் பந்துன் எப்படித் தோணுது?" என்பார்கள். காலை நேரம், துறைமுகத்துக் கடை. கடாயில் சாகோ மாவு நூடுல்ஸ் புரண்டுகொண்டிருக்கும், நெத்திலி போட வேண்டும், முதல் ஃபெர்ரிக்குப் போகிற ஜனம் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். தும்மல் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்கிறார்களா? வருகிறது, அவ்வளவுதான்.

"என் புருஷனைக் கேளுங்க. அவர் படம் போட்டுக் காட்டுவார்" என்று அனுப்பிவிடுவேன். அந்தப் பெண்களும் போவார்கள். அவரும் காட்டுவார்.

என் புருஷன் பக்தியார் பெங்காலிஸ் ஊரில் கணக்கு வாத்தியார். சுமத்ராவை ஒட்டிய எங்கள் தீவில் பந்துன் தாய்ப்பாலோடு வருவது. மீனுக்கு விலை பேசவும் பந்துன் உண்டு, பெண் கேட்கவும் உண்டு. நான்கு அடி. முதல் இரண்டில் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும், பின் இரண்டில் நெஞ்சில் பட்டதை. ஒன்றும் மூன்றும் ஒரே ஓசையில் முடிய வேண்டும், இரண்டும் நான்கும் அப்படியே. நான் முன்னாலிருந்து தொடங்குகிறவள். ஒரு கொக்கு தெரியும், கொக்கைச் சொல்வேன். அது என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று மூன்றாம் அடி வாயில் வரும்வரை எனக்கே தெரியாது. அவர் பின்னாலிருந்து தொடங்குகிறவர். சொல்ல வேண்டிய விஷயத்தை முதலில் தீர்மானித்து, அதைப் பின் இரண்டு அடியில் பூட்டி வைத்துவிட்டு, அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டு முதல் இரண்டு அடிக்கு ஓசை தேடுவார். தேடித் தேடிக் கடைசியில் சந்தைக்குப் போய்விடுவார். அவர் கட்டிய பந்துன் எதை எடுத்தாலும் முதல் அடியில் ஒரு காய்கறி இருக்கும். சந்தையில் எந்த ஓசைக்கும் ஒரு காய் கிடைக்கும் அல்லவா?

அதனால் அவர் பாடுவதில்லை. நடுவராகப் போவார். அசை எண்ணுவதில் தீவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. போட்டி விதிகளை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

வீட்டில் எங்கள் வழக்கம் வேறு. அடுப்படியிலிருந்து நான் இரண்டு அடி சொல்வேன். வெளி அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே அவர், "கொக்கு எதுக்கு ஒத்தைக் கால்ல நிக்குது?" என்பார். "கொக்குன்னா அப்படித்தான் நிக்கும், உங்களுக்கு என்ன?" என்று நான் எரிந்து விழுவேன். எரிந்து விழுகிற வேகத்தில் மீதி இரண்டு அடி வந்துவிடும். எங்கள் மகன் பாத்தாமில் வேலைக்குப் போனபின் வீட்டில் கேட்ட சத்தமே அநேகமாக இதுதான்.

போன நோன்பு மாதத்துக்கு முன்னால், ஊர்த் திருவிழாவில் பந்துன் போட்டி வைத்தார்கள். நடுவர்களில் என் புருஷனும் ஒருவர். பெண்டாட்டி பாடும்போது புருஷன் நடுவராக உட்காரலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற தாய்க்கே மதிப்பெண் குறைக்கிற ஆள் என்று ஊருக்குத் தெரியும். கடைசிச் சுற்றில் நான் மேடையில் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு தென்னை தெரிந்தது. தென்னையைச் சொன்னேன். அது என்னை இங்கே கொண்டுவந்து விட்டது:

கடலோரம் சாய்ந்த ஒற்றைத் தென்னை,
காற்றெல்லாம் போனபின்னும் ஆடும்;
கணக்கோடு குடியிருக்கும் உன்னைக்
கண்ணாலே தினம் தினம் ஒரு நரைத்த தலை தேடும்.

 மீன் ஏலம் விடுகிறவர்கூடத் திரும்பி என் புருஷனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். என் புருஷன் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. மேசைக்கு மேல் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.

அசை மீறியதற்காக மதிப்பெண் போயிற்று. இரண்டாம் பரிசான ரைஸ் குக்கர் வேறொருத்திக்குப் போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டேன். புருஷனை நாங்கள் அபாங் என்றுதான் கூப்பிடுவோம்.

"பாட்டு எப்படி இருந்துச்சு அபாங்?"

"கடைசி அடி நீளம்."

"அதைக் கேக்கல. உங்களுக்குப் பிடிச்சுதா?"

 கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "தினம் தினம்னு ரெண்டு தினம் இருக்கு. ஒரு தினத்தை எடுத்திருக்கலாம்."

மறுநாள் காலை நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு தீவின் மறுபக்கம், செலாத் பாருவில் இருக்கும் என் தங்கை மஸ்னாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டேன். "தங்கச்சி பொண்ணு ரஹ்மி கல்யாணத்துக்கு ஒத்தாசையா போயிருக்கா" என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ரஹ்மிக்கு அப்போது நிச்சயம்கூட ஆகவில்லை. ஊர் வாயை மூட முடியுமா?

நிச்சயம் பெருநாளுக்குப் பிறகு நடந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் புருஷனுடைய அண்ணன் ஹம்தானின் மகன் ஃபெப்ரி. இரண்டு பேரும் பல வருஷமாகப் பெருநாள்தோறும் எங்கள் வீட்டில் கடைசிக் கெத்துப்பத் ஓலைச் சோற்றுப் பொட்டலத்துக்காகச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். சண்டை எப்போது வேறாக மாறியதென்று பெரியவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

என் புருஷன் அழைக்க வருவார் என்று முதலில் எதிர்பார்த்தேன். வரவில்லை. செய்தி மட்டும் போனில் வரும். 'கேஸ் தீர்ந்தது. மாற்றிவிட்டேன்.' 'கூரையில் ஒழுகல். அடைத்தாயிற்று.' 'பூனை குட்டி போட்டது. நான்கு.' வா என்ற ஒரு வார்த்தை கிடையாது. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தங்கை வீட்டில் எனக்குப் பாட்டு வரவில்லை.

முதலில் கொஞ்சம் வந்தது. சாயங்காலம் கடற்கரையில் நண்டு பொறுக்குகிற பெண்களைப் பார்த்து இரண்டு அடி சொன்னேன். மஸ்னா, "அழகு, அக்கா!" என்றாள். அவள் மாமியார், "அழகு!" என்றார். அவ்வளவுதான், மீதி வரவே இல்லை. வீட்டில் சத்தம் அதிகம் என்றேன், காற்று சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நாளாக ஆக அந்த முதல் இரண்டு அடியும் நின்றுபோயிற்று. கொக்கைப் பார்த்தால் அது வெறும் கொக்காக நின்றது. படகு படகாகவே கிடந்தது. நாற்பது வயதைத் தாண்டியபின் தலைமுடி கொட்டியபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. ராத்திரியில் அழுதிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ரஹ்மி வந்து என் மடியில் தலை வைத்தாள்.

"மாக் லோங்" என்றாள், பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "கதவுல நீங்கதான் நிக்கணும்."

"வேற ஆளைக் கூப்பிடு கண்ணு. எனக்குத் தொண்டை சரியில்ல."

"பாகற்காய் தின்னா சரியாயிடும். நீங்க நிக்காம வேற யாரு நிப்பாங்க? ஃபெப்ரி வீட்டுல பெக்கான்பாருல இருந்து ஒஸ்மானைக் கூட்டிட்டு வராங்களாம். காசு வாங்கிப் பாடுற ஆளு. அவன் முன்னாடி நாம தோத்தா, அவங்க அத்தைங்க என்னைச் சும்மா விடுவாங்களா? சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்ததும் வாசலில் ஒரு துணியைக் குறுக்கே பிடித்து நிறுத்துவோம். பெண் பக்கத்தில் ஒருவர், மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர் நின்று பந்துன் மாற்றிக்கொள்ள வேண்டும். பெண் பக்கத்தின் மனசு நிறைந்தபின் துணியை இறக்குவோம். நம் பாட்டு பாதியில் நின்றுபோனால் அந்தக் கணமே துணி இறங்கிவிடும். சும்மா திறந்த கதவு என்று பெயர் வந்துவிடும். "நீ சும்மா திறந்த கதவு வழியா வந்தவதானே" என்று புகுந்த வீட்டில் குழம்பு கரித்தால்கூடச் சொல்வார்கள். விளையாட்டுக்குத்தான் சொல்வார்கள். ஆனால் வருஷக்கணக்காகச் சொல்வார்கள். மஸ்னாவுக்கு அப்படி ஒரு நாத்தனார் உண்டு.

மடியில் கிடக்கிற பெண்ணிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து திருடியைப் போல, என் அம்மா கதவில் நின்று பாடிய பழைய பந்துன்களை ஞாபகப்படுத்தி மனப்பாடம் செய்தேன். தோன்றியதைத் தோன்றியபடி பாடுகிறவள் என்று தீவு முழுக்கப் பெயர் வாங்கிய நான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கிணற்றடியில் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாள் காலையில் மஸ்னா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, ஒஸ்மான் அக்கரையில மாட்டிக்கிட்டானாம். ஃபெர்ரிக்கு வண்டி வரிசை மலை மாதிரி நிக்குதாம். மத்தியானத்துக்குள்ள வர மாட்டானாம்."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ அந்தப் பக்கம் யாரு?"

"தெரியல. யாரையோ பிடிச்சிருக்காங்களாம்."

யாராக இருந்தாலும் ஒஸ்மானைவிட லேசுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கொம்பாங் பறைச் சத்தம் தெருமுனையில் கேட்டது. இரண்டு பெண்கள் வாசலில் மஞ்சள் துணியை இழுத்துப் பிடித்தார்கள். நான் அதற்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் உள்ளறையில் ரஹ்மி முகத்தை விசிறியால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடைக்கடியில் ஃபெப்ரி வந்து நின்றான். பறை ஓய்ந்தது. குடைக்குப் பின்னாலிருந்து ஒருவரை ஆட்கள் முன்னால் தள்ளினார்கள்.

என் புருஷன்.

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. யாரோ ஒருத்தி, "அல்லாஹ்! இன்னைக்கு வேடிக்கைதான்" என்றாள். அவர் இளைத்திருந்தார். தலையில் தொப்பி நேராக இருந்தது, அது எப்போதும் நேராகத்தான் இருக்கும். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துணியைப் பார்க்க ஆரம்பித்தார். கோபமும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தன. நல்லவேளை, அம்மாவின் பாட்டு நாக்கில் தயாராக இருந்தது.

மாமரத்துக் கிளையிலே ஊஞ்சல் கட்டி
மைனா ரெண்டும் ஆடுதுங்க காலையிலே;
மேளத்தோடு வாசலிலே வந்து முட்டி
வேணும்னு நிக்கிறதென்ன சாலையிலே?

பெண் வீட்டார் ஆரவாரம் செய்தார்கள். என் புருஷன் தொண்டையைக் கனைத்தார். விரல் மடக்கினார்.

சந்தையிலே வாங்கி வந்தேன் வாழைத்தாரு,
சைக்கிளிலே கட்டி வந்தேன் கயிறு பிடிச்சு;
வந்திருக்கும் சனமெல்லாம் வேற யாரு?
மாப்பிள்ளையைக் கூட்டி வந்தோம் குடை பிடிச்சு.

அசை அப்பழுக்கில்லை. ஓசை அப்பழுக்கில்லை. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. "சார், வாழைப்பழம் கிலோ என்ன விலை?" என்று அவருடைய பழைய மாணவன் ஒருவன் கத்தினான். அவர் காது சிவந்துபோயிற்று. ஆனாலும் பாட்டு நிறைந்துவிட்டது. இனி என் முறை.

அம்மாவின் அடுத்த பாட்டை எடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் கழுத்து என் கண்ணில் பட்டது. சட்டையின் கழுத்தில் இருக்க வேண்டிய ஒற்றைப் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க வீட்டில் ஆளில்லை. அவருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. அம்மாவின் பாட்டு எங்கே போயிற்றோ, போயேவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் வாய் சொன்னது:

கழுத்தோரம் ஒரு பொத்தான் அறுந்து தொங்குது,
கைபடாத நூல் நுனி காற்றில் அலையுது;

மாதக்கணக்கில் வராதது வந்துவிட்டது.  மூன்றாம் அடிக்காக வாயைத் திறந்தேன்.

ஒன்றுமில்லை.

முதல் இரண்டு அடி அங்கேயே நின்றது. பின்னால் சுவர். மறுபடி சொல்லிப் பார்த்தேன், "கைபடாத நூல் நுனி காற்றில் அலையுது..." சுவர். துணி பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ரஹ்மியின் குரல், "மாக் லோங்?" என்று மெல்ல வந்தது. அந்தக் குரல் என்னை அறுத்தது. என் வீம்புக்கு இந்தப் பெண் காலமெல்லாம் பேச்சு வாங்கப் போகிறாளே என்று கண் இருண்டது. அந்தப் பக்கம் நிற்கிறவர் ஒன்றும் செய்ய வேண்டாம், இன்னும் இரண்டு மூச்சு சும்மா நின்றால் போதும். அவர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

என் புருஷன் வாயைத் திறந்தார். விரல் மடக்கவில்லை.

கணக்கெல்லாம் சரி, வீடு மட்டும் ஏங்குது,
கண்மூட வழியின்றி ராத்திரி கலையுது.

  அவருடைய அண்ணன் ஹம்தான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

"டேய் பக்தியார்! நீ எந்தப் பக்கம்டா? அவங்க பாட்டை நீ எதுக்கு முடிக்கிற?"

எதிராளி பாட்டை முடித்துக்கொடுப்பது பந்தாட்டத்தில் தன் பக்கத்து வலைக்குள்ளேயே பந்தை உதைப்பது மாதிரி. எங்கள் தீவில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

"விதியில அதுக்கு ஒண்ணும் சொல்லல அண்ணே" என்றார் என் புருஷன், துணியைப் பார்த்தபடியே.

"விதியை எழுதுனவனே நீதானேடா!"

"ஆமா. யாரும் செய்வாங்கன்னு எனக்குத் தோணல."

ஜனம் வெடித்துச் சிரித்தது. இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். யாரோ முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள். பாட்டு முழுசாகிவிட்டது. யார் முடித்தால் என்ன, பாதியில் நிற்கவில்லை. இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் துணி பிடித்த பெண்களைப் பார்த்தேன். பாவம், தோள் தொங்கிப்போய் நின்றார்கள். பின்கட்டிலிருந்து சோற்று வாசம் வந்தது. அடைபட்ட குழாய் திறந்த மாதிரி மொத்தமும் வந்தது:

துணிபிடிச்ச பெண்களுக்குக் கை வலிக்குது,
தூரத்திலே சோத்துப்பானை ஆறிப்போகுது;
துணைதேடி வந்தவரை மனசு அழைக்குது,
தோரணம்தான் வழிவிட்டு வாசல் ஆகுது.

துணி இறங்கியது. மஞ்சள் அரிசி பறந்தது. ஃபெப்ரி உள்ளே ஓடாத குறை. ரஹ்மியின் விசிறி விலகியபோது அவள் என்னைத்தான் முதலில் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நான் மாப்பிள்ளைக்குத்தான் பதில் சொன்னேன், என் புருஷனுக்குச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது. பந்தியில் பெண்கள் என் தட்டில் கறியைப் போட்டுவிட்டு, "வீடு மட்டும் ஏங்குதாம் அக்கா" என்று இடித்தார்கள். "கூரை ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றேன். சிரித்தேனே தவிரச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பென்சிலைக் கடித்து ஒரு வாரம் உட்கார்ந்தாலும் வாழைத்தாரைத் தாண்டாத மனிதருக்கு, ஒரு மூச்சில் அது எப்படி வந்தது?

மத்தியானத்துக்குமேல் விருந்து அடங்கியபின் பின்கட்டுக்குப் போனேன். அவர் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அந்த ரெண்டு அடி அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்துச்சு?"

"சீக்கிரமா? நோன்பு மாசத்துல இருந்து கையில இருக்கு காயா."

என் பெயர் ருகாயா. காயா என்று அவர் மட்டும்தான் கூப்பிடுவார். அதைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

"எது இருக்கு?"

"பின் ரெண்டு அடி. முதல் ரெண்டு வரல. நானும் தேடாத இடமில்ல. வீடு ஏங்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி வாழைத்தாரை வெச்சா நீயே சிரிப்ப."

"என் அடிக்கு எப்படி அது அப்படியே பொருந்திச்சு?"

"அப்படியே பொருந்தல. ஏங்கும், கலையும்னு வெச்சிருந்தேன். நீ தொங்குதுன்ன, நான் ஏங்குதுன்னு மாத்திக்கிட்டேன். அது ஒண்ணுமில்ல, அது கணக்கு." தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பொத்தான்தான் எனக்கு வரல. தினமும் கண்ணாடியில பார்க்கிறேன். அது பாட்டுன்னு எனக்குத் தெரியல."

"வான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல?"

"பாதிப் பாட்டை எப்படி அனுப்புறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூனைக்குட்டிக் கணக்கை அனுப்புனீங்களே!"

"அது முழுசா இருந்துச்சே."

இந்த மனிதரை என்ன செய்வது? பாதியாக ஒன்றைப் பெண்டாட்டிக்கு அனுப்புவது மரியாதை இல்லை என்று, நோன்பு வந்து, பெருநாள் வந்து, ஹஜ்ஜுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கிறார். நான் இங்கே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் அங்கே சுவரின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தும்மல் மாதிரி எனக்குத் தானாக வருகிறது என்று கல்லூரிப் பெண்களிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன்! கொக்கு எதுக்கு ஒத்தைக் காலில் நிற்கிறது என்று கேட்க ஒரு ஆள் இருந்தாரே, அது எனக்குக் கணக்கிலேயே வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னும் இருக்கா, அது மாதிரி பாதி?"

"நிறைய."

"ஒண்ணு சொல்லுங்க."

 தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல நேராக உட்கார்ந்து சொன்னார்:

எண்ணாமல் கேட்டிருந்தால் அழுதிருப்பேன்
எல்லார் முன்னும் உன் கையைப் பிடித்து.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"போட்டியில... உங்களைப் பத்தின பாட்டுன்னு தெரியுமா?"

"கணக்கோட குடியிருக்கிறவன்னு சொன்னா, தெரியாதா? நான் என்ன மரமா?" மடியிலிருந்த தொப்பியை நிமிர்த்தி வைத்தார். "மேடையில நடுவர் அழலாமா? மூணாவது அடியிலயே கண்ணு கலங்கிடுச்சு. அதனால எண்ண ஆரம்பிச்சேன். எண்ணினா எனக்கு அழுகை நிக்கும். அப்பாவை அடக்கம் பண்ணினப்ப கபர்ஸ்தான் வேலிக் குச்சியெல்லாம் எண்ணினேன். வீட்டுக்கு வந்து பிடிச்சுதான்னு நீ கேட்டப்ப மறுபடி கலங்குச்சு. வாயில அந்தத் தினக் கணக்குதான் வந்துச்சு."

அந்த நாளை நான் மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்! மடங்குகிற அந்த விரல்களை எவ்வளவு வெறுத்திருக்கிறேன்! கல்லாய் உட்கார்ந்திருந்த மனிதர் என்று நான் நினைத்த அந்த நேரம் முழுக்க அவர் தன்னை உடையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. எண்ணத் தெரியாதவள், அதனால் அழுதேன். அவர் பதறிப்போய்த் தொப்பியை எடுத்துக்கொடுத்தார், முகம் துடைக்க. அதையும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

"அதுக்கும் முதல் ரெண்டு அடி வரல" என்றார். "ரொம்பப் பார்த்துட்டேன். முருங்கைக்காய் ஒண்ணு வந்துச்சு. வேணாம்னு விட்டுட்டேன்."

முற்றத்தில் கொம்பாங் பறைகளைப் பாயில் பரப்பி வெயிலில் போட்டிருந்தார்கள். சிந்திய சோற்றைக் கொத்திக்கொண்டு வந்த ஒரு கோழி ஒரு பறையின்மேல் ஏறி நின்றது. அதன் காலடியில் தொம்மென்று சத்தம் வந்தது. தான் போட்ட சத்தம் என்று தெரியாமல் கோழி அலறிக் குதித்து ஓடியது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு."

"சொல்லு."

"இங்க மாட்டேன்" என்று எழுந்தேன். "வண்டியை எடுங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."